மணி பேசாத வில்

இதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. பணம் கேட்டு வரவில்லை. பில்லும் கொண்டு வரவில்லை. மெஷினில் கோளாறு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறது. அது ஓடுவதுதான் என் கஷ்டம். இன்னும் ஒரு நாள் இது என் வீட்டில் இருந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமையோடு என் பாட்டு முடிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

என்ன சொல்கிறீர்கள்? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். உங்கள் கடை ரோட்டைப் பார்த்து இருக்கிறது. பஸ் போகிற இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை.

வாசலில் லோடு ஆட்டோவில் வேட்டியைச் சுற்றி நீளமாக ஒன்று கிடக்கிறதே, அது வில். எய்கிற வில் இல்லை, பாடுகிற வில். நான் செண்பகவடிவு. வில்லுப்பாட்டு செட் வைத்திருக்கிறேன். கொடைத் திருவிழா நடக்கிற கோயில்களில் முப்பத்தாறு வருஷமாகப் பாடுகிறேன். நாகர்கோவிலில் எம்.ஏ. தமிழ் படித்தவள். "எம்.ஏ. படிச்சது கோயில் முத்தத்துல சம்மணம் போட்டு உக்காரத்தானா?" என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்த மெஷினை வாங்கினது என் வீட்டுக்காரர். பிரம்மநாயகம் ஆசாரி. வலது காலை லேசாக இழுத்து நடப்பார், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாசி மாதம் வந்திருப்பார். மரம் இழைக்கிற மெஷின் வேண்டும் என்று கேட்டிருப்பார். எதற்கு என்று நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். கேட்டிருக்கலாம்.

வில் எப்படி ஆகிறது என்று உங்களுக்குத் தெரியாது. மெஷின் விற்கிறவருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், மனசு சரியில்லாமல் பேசுகிறேன். முற்றின பனை, அறுபது எழுபது வருஷத்துப் பனை. அதன் வைரம் கறுப்பு நாராக இருக்கும். அவர் அதை வாள் போட்டு அறுக்கமாட்டார். ஆப்பு வைத்துப் பிளப்பார். பிளந்தால் நார் தன் வழியில் பிரியும். பிறகு வாய்ச்சியால் செதுக்குவார், இழைப்புளியால் சீவுவார், கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டால் வழிப்பார். தினமும் ஒரு தடவை முட்டுக்கொடுத்து வளைத்துப் பார்ப்பார். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வளைய வேண்டும். ஒரு பக்கம் முரண்டு பிடித்தால் அந்தப் பக்கம் நாலு சீவல், அவ்வளவுதான். நாற்பது நாள் ஆகும். அவசரப்பட்டால் மரம் உடையும், இல்லையென்றால் ஊமையாகும்.

கை நாரைக் கேட்டுக்கேட்டுப் போகிறது தம்பி. மெஷின் யாரையும் கேட்பதில்லை.

அப்படி அவர் செய்துகொடுத்த வில் இருபத்தாறு வருஷம் பேசியது. போன கார்த்திகையில் ஒரு கொடை முடிந்து வரும்போது வேன் மேலிருந்து விழுந்து நடுவில் கீறல் விட்டுவிட்டது. புதுசு வேண்டும். அவரோ அதற்கு முந்தின ஐப்பசியிலேயே வலது பக்கம் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர். கால் திரும்பி வந்தது. கை பாதி வந்தது. குரல்தான் போய்விட்டது. பேச்சு இருக்கிறது, ஆனால் உள்ளுக்குள்ளேயே பேசுகிறார். முன்பெல்லாம் பட்டறையில் நின்று "வடிவு" என்றால் அடுக்களையில் பாத்திரம் அதிரும். இப்போது கூப்பிடுவதே இல்லை. எழுந்து வந்து தோளைத் தொடுகிறார். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது, இந்த வயதில்.

அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் உங்களிடம் வந்திருக்கிறார். நாலே நாளில் வில் முடிந்துவிட்டது. வழவழவென்று இருந்தது, கடையில் வாங்கின கட்டில் கால் மாதிரி. "பாரு வடிவு, எப்படி இருக்கு?" என்றார். சிரித்தார். இழுத்துக்கொண்ட பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாண் பூட்டி, மணி கட்டி, குடத்தோடு சேர்த்துக் கட்டினோம். வீசுகோலை எடுத்து நாணில் போட்டேன்.

நாண் அதிர்ந்தது. தொடைக்குத் தெரிந்தது. குடம் தும்மென்றது. மணி பேசவில்லை. பதினொரு மணி தொங்குகிறது தம்பி, ஒன்றாவது பேச வேண்டுமே. துணியில் முடிந்து பெட்டியில் பூட்டின மாதிரி இருந்தது.

"மணி செத்துப் போச்சு" என்றேன்.

"நல்லாத்தானே கிலுங்குது?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நாலு நாளா அந்த மெஷின் பக்கத்துலயே இருந்தீங்க. காது அடைச்சுப் போயிருக்கும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் பார்த்த பார்வையில் எனக்குப் பயம் வந்துவிட்டது, நிஜமாகவே இவருக்குக் காது போய்விட்டதோ என்று. மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயது டாக்டரம்மா. காதில் கருவியை மாட்டி என்னென்னவோ சத்தம் கொடுத்தாள். "சாருக்குப் பத்து வயசுப் பையன் காது" என்றாள். அதோடு விட்டாளா? "நீங்களும் கொஞ்சம் உக்காருங்கம்மா" என்றாள். எனக்கு எதற்கு? நான் காதை வைத்துப் பிழைக்கிறவள். சுருதி அரை நூல் விலகினால் தூக்கத்தில்கூட எழுந்துவிடுவேன். "உக்காரு வடிவு, ஒரு நிமிஷந்தானே" என்று இவரும் கையைப் பிடித்தார். உதறிவிட்டு வந்துவிட்டேன்.

மெஷின் வந்தால் எல்லாம் ஊமையாகிவிடுகிறது, அதுதான் நான் கண்டது. புதுக் குக்கர் வாங்கினோம். விசிலே வருவதில்லை. இரண்டு தடவை பருப்பு தீய்ந்தது. இவர் காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்து அணைக்கிறார், ஆறு விசில் ஆகிவிட்டதாம். எங்கே அடித்தது? இந்த வருஷம் சில்வண்டுகூட இல்லை, கவனித்தீர்களா? சாயங்காலமானால் தோப்பு முழுக்கச் சல்லடை போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கும். இப்போது ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. பூச்சிமருந்து.

சரி, எதற்கோ போய்விட்டேன். சித்திரையில் ஒரு கொடை. அந்த மெஷின் வில்லோடுதான் போனோம். வேறு வில் ஏது? வில்லுப்பாட்டுக்கு வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும்தானே. சாமி கதையைப் பாடிக்கொண்டே போக வேண்டும். சாமி பிறந்து, வளர்ந்து, வரம் வாங்கி வருகிற இடத்தில் தாளம் ஏறும். மணியெல்லாம் சேர்ந்து பேசும். அந்த இடத்தில் சாமியாடிக்கு அருள் இறங்க வேண்டும். இறங்கும். முப்பத்தாறு வருஷத்தில் இறங்காமல் இருந்ததில்லை.

அன்றைக்கு எனக்கு மணியே இல்லை. மணி இல்லாமல் எதைப் பிடித்துக்கொண்டு போவது? ஓங்கி அடித்தால் வருமோ என்று ஓங்கி அடித்தேன். இன்னும் ஓங்கி. குடம் அடிக்கிற சொரிமுத்து பக்கத்தில் சாய்ந்து, "அக்கா, ஓடுறீங்க. பிடிங்க, பிடிங்க" என்றான்.

"நீ குடத்தைப் பாருலே."

"குடம் பின்னால நிக்குக்கா. நீங்க அடுத்த ஊருக்குப் போயிட்டீங்க."

முன்வரிசையில் ஒருத்தி, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "வில்லுப்பாட்டா இது? ரயிலைப் பிடிக்கப் போறாளா?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். சாமியாடும் பெரியவர் எழுந்து நின்றார். வேப்பிலையைக் கையில் எடுத்தார். தோள் ஒரு தடவை நடுங்கியது. நான் உயிரைக் கொடுத்து அடிக்கிறேன். அவர் வில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடுக்கம் நின்றுவிட்டது. வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்துவிட்டார் தம்பி. ஊரே எழுந்து நிற்கிறது, அவர் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது வேனில், பக்கப்பாட்டுப் பாடுகிற பேச்சித்தாய்தான், இருபது வருஷமாக என் தோளோடு தோளாக உட்கார்ந்து பாடுகிறவள், என் காதுக்கு அருகில் வந்து சொன்னாள். "அக்கா, மணி எல்லாம் நல்லாத்தான் பேசிச்சு. நீங்கதான் அதை விட்டுட்டுப் போனீங்க." எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவளுக்கு என் இடத்தின் மேல் கண். சொரிமுத்துவும் அவளோடு சேர்ந்துகொண்டான். "காதை ஒரு தடவை காட்டலாமேக்கா" என்றான். "காட்டியாச்சு, அவர் காது பத்து வயசுப் பையன் காது" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த செவ்வாய் எங்கள் ஊர்க் கொடை. மேலத்தெரு முத்தாரம்மன். நான் முதன்முதலில் வில்லடித்த இடம். கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்து பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். "ஒங்க பேருதான் போட்டிருக்கோம்க்கா. ஆனா சாமி வராத செட்டுன்னு வெளியூர்ல பேச்சு அடிபடுது. இந்தத் தடவை பாத்துக்கிடுவோம்." பார்த்துக்கொள்வோம் என்றால் என்ன? என் ஊர் வாசலில் என் அம்மன் வரவில்லை என்றால் பிறகு எனக்கு எந்த வாசல்?

அதனால்தான் அவரிடம் சொன்னேன். கையால் இன்னொரு வில் செய்து தாருங்கள்.

"டம்ளர் பிடிக்க ரெண்டு கை வேணும் எனக்கு. வாய்ச்சி எப்படிப் பிடிப்பேன்?" என்றார்.

"அப்போ நான் வில்லை விட்டுடுறேன். வீசுகோலை அம்மன் காலடியில போட்டுட்டு வந்துடுறேன்."

இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பட்டறையில் ஆப்பு அடிக்கிற அதிர்வு தரையில் தெரிந்தது. போய்ப் பார்த்தால் மரத்தைப் பிளந்துகொண்டிருக்கிறார். மெஷினை எடுத்துக் கோணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கி வைத்தேன், கண்ணில் படக்கூடாது என்று.

இருபது நாள். நான் மரத்தைப் பிடித்துக்கொள்வேன், அவர் செதுக்குவார். பத்துத் தடவை வாய்ச்சி விழுந்தால் மூன்று தடவை மரத்தில் படும். வேர்வை மூக்கு நுனியில் வந்து நிற்கும், துடைக்கக் கை இருக்காது, நான் துடைப்பேன். கல்யாணம் ஆன புதிதில்கூட நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். பதினெட்டாம் நாள் வாய்ச்சி வழுக்கி இடது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. ஐந்து தையல். "போதும், நிறுத்திடுவோமா?" என்று கேட்டேன். கேட்டேன் தம்பி, கேட்காமல் இல்லை. அவர்தான் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, இல்லை என்று ஆட்டினாரா என்று நான் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் பேச்சித்தாய் வீட்டில் பாட்டு ஒத்திகை. போய்விட்டு வந்தேன். வில் முடிந்து சுவரில் சாய்ந்து நின்றது. அழகு. நார் நாராக, கறுப்பாக, தலையிலிருந்து வால் வரை ஒரே ஓட்டம். அவர் வாசலில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அடித்தேன். மணி பேசவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு அழவில்லை. உலை வைக்கப் போனேன். அரிசியைக் களைகிறேன், தண்ணீரில் கறுப்பாக என்னவோ மிதக்கிறது. விரலில் எடுத்துப் பார்த்தேன். பனந்தூள். ஓடிப்போய் பட்டறையில் சீவலை அள்ளித் தள்ளிப் பார்த்தேன். இழைப்புளி சீவினால் நாடா மாதிரி நீளமாக வரும். மேலே எல்லாம் அந்த நாடா. அடியில் பொடி. உங்கள் மெஷின் துப்பின பொடி. பொய்யை மூடுவதற்குக்கூட அவர் கையால் இழைத்த சீவலைத்தான் பரப்பி வைத்திருந்தார்.

எழுப்பிக் கேட்டேன். "கடைசி நாலு விரக்கடைதான் வடிவு. கை வரல. ஒனக்கு நாள் நெருங்குது" என்றார்.

நாலு விரக்கடை! எட்டடி மரத்தில் நாலு விரல் அகலம் போதாதா, மணியைக் கொல்ல? பார்த்தீர்களா, அதுதான் காரணம். எனக்கு அப்போதுதான் உயிரே வந்தது. காரணம் தெரிந்துவிட்டதே. காரணம் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாமே.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது. ஏற்கெனவே பிளந்த பாதி மரம் ஒன்று கிடக்கிறது, ஈரம் போனது. முழுக்கக் கையால் செய்தால் எட்டு நாளில் ஆகும். ஆக வேண்டும். இன்று காலையில் ஆரம்பித்தாயிற்று. இடது கையில் தையல், மரத்தைத்தான் பிடிக்க முடியும். வலது கையில் வாய்ச்சி நிற்கவில்லை, விழுந்துவிழுந்து போகிறது. வாய்ச்சிப் பிடியை அவர் கையோடு சேர்த்து ஈரிழைத் துண்டால் கட்டிவிட்டிருக்கிறேன். நான்தான் கட்டினேன். அவர் கையை நீட்டிக்கொண்டு இருந்தார், வளையல் போட நீட்டுகிற மாதிரி. வேறு என்ன செய்வது, சொல்லுங்கள். நீங்களும் கட்டிய பெண்டாட்டி உள்ளவர்தானே. எனக்கு வேறு என்ன வழி?

அதனால்தான் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். நான் மட்டும் இல்லாத நேரத்தில் மறுபடியும் டிரம்மைத் திறந்துவிடுவார். என் மேல் உள்ள இரக்கத்தில் என்னைக் கெடுத்துவிடுவார்.

ஏன் தம்பி ஒன்றும் பேசமாட்டேன் என்கிறீர்கள்? நம்பிக்கை இல்லையா? அவர் கடைசியாகச் செய்த இந்த வில்லை எதற்கு ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தேன்? நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றுதான். வீட்டு ஆட்கள் எல்லாம் எனக்காகப் பொய் சொல்கிறார்கள், செட்டு ஆட்கள் எனக்கு எதிராகப் பொய் சொல்கிறார்கள். நீங்கள் வெளியாள். டிரைவரே, அதை இறக்கி உள்ளே கொண்டு வாருங்கள். பார்த்து, பார்த்து. அந்தப் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து நடுவில் வையுங்கள், அதன் மேல் நிற்கட்டும். நாண் பூட்டித்தான் கொண்டு வந்திருக்கிறேன்.

நீ வாம்மா உள்ளே. ஆணி வாங்க வந்தாயா? வாங்கிக்கொள், நான் வழியை மறிக்கவில்லை. பிள்ளை தூங்குகிறதா? நல்ல தூக்கம். தோளிலேயே கிடக்கட்டும், எழுப்பாதே. இந்த வில் எழுப்பாது, பயப்படாதே. ஊமை வில்.

இப்போது கேளுங்கள் தம்பி. லேசாகத்தான் போடுகிறேன். ஓங்கி அடிக்கவில்லை. இதோ.

பார்த்தீர்களா? நாண் மட்டும்தான். நாணின் அதிர்வு மட்டும்...

ஏன் பிள்ளை எழுந்துவிட்டது?

நான் லேசாகத்தானே போட்டேன். எதைப் பார்க்கிறது அது? என்னைப் பார்க்கவில்லை. நாணைப் பார்க்கவில்லை. மரத்துக்கு அடியில் பார்க்கிறது. மணி தொங்குகிற இடத்தைப் பார்க்கிறது. கையை வேறு நீட்டுகிறது. யாராவது ஏதாவது சொன்னீர்களா அதற்கு? பேரைச் சொல்லிக் கூப்பிட்டாயா அம்மா? இல்லையா?

இருங்கள். யாரும் பேச வேண்டாம். பிள்ளை வேறு பக்கம் திரும்பட்டும். அந்தச் சுவர்க் காலண்டரைக் காட்டு அம்மா. காட்டு. ம்ம், பார்க்கிறது. இப்போது நான் நாணைத் தொடப்போவதில்லை. மணியை மட்டும் விரலால் சுண்டுகிறேன். ஒரே மணி. கடைசியில் தொங்குகிறதே, இந்தச் சின்ன மணி.

திரும்பிவிட்டது.

இன்னொரு தடவை.

சிரிக்கிறது, பாருங்கள். பல் வராத வாயைத் திறந்து சிரிக்கிறது. என் விரல் நுனியில் மணி நடுங்குவது தெரிகிறது. பிள்ளைக்குக் கேட்கிறது. உங்களுக்குக் கேட்கிறது. டிரைவர் வாசலில் நிற்கிறார், அவருக்கும் கேட்டிருக்கிறது. வேண்டாம், யாரும் சொல்ல வேண்டாம். உங்கள் முகத்தில் இருக்கிறது.

தம்பி, உங்கள் போனை எடுங்கள். அவருக்குப் போட வேண்டாம், அவரால் எடுக்க முடியாது, இரண்டு கையும் அப்படி. சொரிமுத்து நம்பர் இந்தப் பையில் இருக்கிறது, அவன் எங்களுக்கு நாலாவது வீடு. என்னிடம் கொடுக்காதீர்கள், நீங்களே பேசுங்கள். அவன் சொல்வது எனக்குக் கேட்காது. உடனே ஓடிப்போய் அவரை நிறுத்தச் சொல்லுங்கள். வில் நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். துண்டை இழுத்துப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், கத்தியை எடுத்து அறுத்துவிடச் சொல்லுங்கள். முடிச்சு இறுக்கமாக இருக்கும். நான் போட்டது.